பழக்கம் இடம் மாறிய பதினோரு நாள்

எங்கள் ஊரில் பழக்கம் இடம் மாறியது ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்து, நாற்றங்காலில் நாற்று ஒரு சாண் எழுந்து, உழவுக்கும் நடவுக்கும் ஊரே பறந்துகொண்டிருந்த நேரத்தில். மழை பெய்ததைச் சொல்வதைப் போலத்தான் இதையும் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு யாரும் வாயைப் பிளந்து நிற்கவில்லை, நிற்க யாருக்கும் நேரம் இல்லை. புருசனுக்கு யார் யாரிடம் பழக்கமோ அதெல்லாம் பெண்டாட்டிக்குப் போய்விட்டது, பெண்டாட்டிக்கு யார் யாரிடம் பழக்கமோ அதெல்லாம் புருசனுக்கு வந்துவிட்டது. முகம் மறக்கவில்லை, பேர் மறக்கவில்லை, யார் வீடு எது, யார் பிள்ளை யார் என்பதில் எந்தக் குளறுபடியும் இல்லை. ஒருத்தரைக் கண்டதும் நெஞ்சுக்குள் 'நம்ம ஆளு' என்று ஒன்று எழுந்து உட்காருமே, அது மட்டும் வீட்டுக்குள்ளேயே கைமாறிவிட்டது.

எனக்கு டிராக்டர் உண்டு, பெண்டாட்டி கிடையாது. ஆகவே என் பழக்கம் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லாமல் என்னிடமே கிடந்தது, இந்தக் கதையைச் சொல்லும் வேலையும் அதனால்தான் என் தலையில் விழுந்தது. ஆனால் நான் தப்பித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழக்கத்துக்கு இரண்டு முனை இருக்கிறது. என் முனை அப்படியே இருக்க, எதிர் முனையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து போய், அந்த இடத்தில் அவரவர் பெண்டாட்டிமார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று காலை பவுன்ராஜ் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சன்னாசி வருகிறான். இருபது வருசமாக நடவுக் காலத்தில் தினமும் வந்து, என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "குருவையா, இன்னைக்கு நம்மது" என்பான், நானும் வண்டியை அவன் வயலுக்கு விடுவேன். அவ்வளவுதான் பேச்சு, அதற்கு மேல் ஒரு சொல் வேண்டியதில்லை. அன்றைக்கு அவனைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருவனைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அவனும் என்னைப் பார்த்துத் துண்டை இறக்கிவிட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் கூச்சமாகப் போய்விட்டது. அந்த நேரம் அவன் பெண்டாட்டி ராக்கம்மா, அந்தக் கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்காதவள், விறுவிறு என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "குருவையா, இன்னைக்கு நம்மது" என்றாள். எனக்கு அவளைப் பார்த்ததும் பீடியை எடுத்து நீட்ட வேண்டும்போல இருந்தது, அத்தனை நாள் சிநேகம். பவுன்ராஜும் என்னைப் போல ஒண்டிக்கட்டை, கேட்கவே இல்லை, சன்னாசி குடிக்கிற சீனி இல்லாத கடுந்தேயிலையைப் போட்டு அவளிடம் கொடுத்தான், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவன் உடுக்கையை அடிஅடி என்று அடித்தும் சாமி வரவில்லை, ஏனென்றால் அய்யனாருக்கும் அவனுக்கும் இருந்த பழக்கம் அவன் பெண்டாட்டிக்குப் போயிருந்தது, அவள் அடுப்படியில் குழம்புச் சட்டியோடு நின்று ஆடிக்கொண்டிருந்தாள். ஏன் இப்படி ஆச்சு, எப்போது சரியாகும் என்று கேட்டதற்கெல்லாம் சாமி ஒரே பதில்தான் சொன்னது: "முதல்ல நடவ முடிங்கடா." அதுவும் சரிதான் என்று எல்லாரும் கலைந்துபோனார்கள்.

நடவை முடிக்க அவசரம் இருந்தது. கண்மாய்த் தண்ணீர் போகத்துக்குப் போதாது என்பதால், அந்த வாரத்து வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாய மடையை அடைத்துவிடுவது, அதற்குள் நட்ட வயலுக்கு மட்டும் அறுப்புவரை முறைத்தண்ணீர், நடாத வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று ஊரில் முடிவாகியிருந்தது. எங்கள் எல்லாருக்கும் அது ஒரு கெடு. வெள்ளத்தாய்க்கு அது உயிர்.

வெள்ளத்தாய் என் கூட்டாளி சங்கிலியின் சம்சாரம். சங்கிலி மஞ்சள்காமாலையில் போய் இரண்டு வருசம் ஆகிறது. ஒரு ஏக்கர் வயலும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற வீம்பும்தான் அவளுக்கு மிச்சம். போன வருசம் அவள்தான் ஊரில் கடைசியாக நட்டாள், கடைசித் தண்ணீர் அவள் வயலுக்கு எட்டவில்லை, அத்தனையும் பதராகப் போனது. இந்த வருசமும் அப்படியானால் வயலைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகக் கொழுந்தன்மார் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்திருந்தார்கள், அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

அவள் ஏன் கடைசியாக நட்டாள் என்று கேட்டால், என் வண்டி கடைசியாகப் போனதால். வண்டி ஏன் கடைசியாகப் போனது என்று கேட்டால், அதற்கு நான் ஒரு வஞ்சகமும் செய்யவில்லை, சத்தியமாக. ஆம்பிளைகள் டீக்கடைக்கு வந்து நேரே சொல்வார்கள், முடிந்தது. அவள் ராக்கம்மாவிடம் சொல்வாள், ராக்கம்மா சன்னாசியிடம் சொல்வாள், சன்னாசி தன் வயல் முடிந்து தம்பி வயல் முடிந்து மச்சான் வயலும் முடிந்தபிறகு ஞாபகம் வந்தால் என்னிடம் சொல்வான். சங்கிலி இருந்தவரை என் வண்டி முதலில் இறங்குவதே அவன் வயலில்தான். அவன் போனதும் அந்த வயலுக்கும் எனக்கும் இருந்த வழி அடைத்துக்கொண்டது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலையில் வெள்ளத்தாய் தெருவில் எதிரே வந்தாள். சங்கிலியின் பழக்கம் முழுக்க அவளிடம் வந்திருந்ததை நான் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. அவளைக் கண்டதும் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். இரண்டு வருசமாகப் புதைத்து வைத்திருந்த சிநேகம், சேர்ந்து கண்மாயில் மீன் பிடித்தது, சேர்ந்து அடிபட்டது, ஒருத்தனுக்காக ஒருத்தன் பொய் சொன்னது எல்லாம் ஒன்றாக எழுந்து வந்தது. "எங்கடா போயிட்ட?" என்று கேட்டுவிட்டேன். அவளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, அதுவரை என்னை 'அண்ணே' என்று நிமிர்ந்து பார்க்காமல் கூப்பிட்டவள், "ஏலே குருவையா, என் வயலு கிடக்குடா" என்றாள். ராக்கம்மாவுக்குக் கொடுத்த வாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த நிமிசமே வண்டியை அவள் வயலுக்கு விட்டேன்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து, சங்கிலி உட்கார்ந்து வருகிற அதே மட்காட்டின்மேல் அவள் உட்கார்ந்து வந்தாள்.

"ஏலே, அவுகளுக்கு உன்மேல இம்புட்டுப் பிரியமா இருந்துச்சா?" என்று கேட்டாள். "வீட்டுல ஒரு நாளும் சொன்னதில்லையே."

"என்கிட்டயும் சொன்னதில்ல" என்றேன்.



அதற்கடுத்த நாட்கள் ஊருக்குப் பெரிய திண்டாட்டம். பெண்டுகள் பாடு முதலில் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. டவுனில் உரக்கடைத் தவமணி அவர்களைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார், பின்னால் ஒதுக்கி வைத்திருந்த மூட்டையை எடுத்துக் கொடுத்தார். மடையைத் திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி மூக்கையா, பெண்டுகளை ஏறிட்டுப் பார்க்காத ஒண்டிக்கட்டை, "இந்தா, மடையில உனக்கு ஒரு கண்ணு கூடுதலா தெறந்து விட்டிருக்கேன்" என்று ரகசியமாகக் கண்ணைக் காட்டினார். விவசாய ஆபீசில் போய் நின்றால், புது விதை வந்திருப்பதையும், அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதத்தையும் அங்கே இருந்தவர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள். ராக்கம்மா வீட்டுக்கு வந்து சன்னாசியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா இதெல்லாம் அங்க இருக்கா? ஒரு வார்த்த சொல்லியிருப்பியா நீ?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றான் சன்னாசி. அவன் மடியில் ஒரு சட்டி நிறைய அவரை விதை இருந்தது. "மேலத்தெரு அக்கா வீட்டுக்காரரு குடுத்தாரு. எந்த வீட்டுல எந்த விதை இருக்குன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, நான் போன வருசம் விதைக்கு டவுனெல்லாம் அலஞ்சேன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஆம்பிளைகள் பழக்கம் என்பது இதுதான்: உரத்துக்கு ஒருத்தன், தண்ணிக்கு ஒருத்தன், வண்டிக்கு ஒருத்தன், ஆபீசுக்கு ஒருத்தன், போகத்துக்கு ஒருமுறை போய்த் தோளில் கைபோட்டு ஒரு டீ குடித்தால் அடுத்த போகம்வரைக்கும் தாங்கும். பெண்டுகள் பழக்கம் அப்படி இல்லை என்பதைச் சன்னாசி நாலே நாளில் தெரிந்துகொண்டான். அவனுக்கு வந்து சேர்ந்தது இருபத்துமூன்று வீடு. எல்லா வீட்டிலும் எல்லாம் கிடைக்கும், விதை கிடைக்கும், உறைமோர் கிடைக்கும், கன்றுக்குட்டிக்குத் தவிடு கிடைக்கும், நடவுக்கு ஆள் கிடைக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மடி கிடைக்கும், ஆனால் எல்லா வீட்டுக்கும் தினமும் போக வேண்டும். ஒரு வீட்டில் காய்ச்சல், கஞ்சி கொண்டுபோக வேண்டும். ஒரு வீட்டில் பெண் சமைந்து உட்கார்ந்திருக்கிறது, புட்டு இடிக்கப் போக வேண்டும். ஒரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டை, போய் உட்கார்ந்து இரண்டு பேர் சொல்வதையும் கேட்டு இரண்டு பேருக்கும் தலையாட்ட வேண்டும். ஒரு வீட்டை விட்டால் மறுநாள் ஏன் வரவில்லை என்று மூன்று வீட்டில் கேட்டார்கள். "இவ எப்படா தூங்குனா?" என்று என்னிடம் வந்து கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் இப்போது அவ்வளவு நெருக்கம் இல்லாததால், நான் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன்.

பெண்டுகளுக்கும் ஆறாம் நாளில் சலித்துவிட்டது. டவுனில் எல்லாம் கேட்டதும் கிடைக்கிறது, மதிப்பு மரியாதை இருக்கிறது, ஆனால் ஒரு நாய்கூடச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை என்று ராக்கம்மா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பொருமினாள். அவளுக்குப் பல்வலி ஒரு வாரமாக. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, என்னிடம் சொல்லலாமா என்று பார்த்தாள், சன்னாசி இருபது வருசத்தில் பல்வலியை என்னிடம் சொன்னதில்லை என்பதால் அவளுக்கும் வாய் வரவில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் நடவில் வந்தது. எங்கள் பக்கத்தில் நடவுக்குக் கூலி ஆள் தேடுவதில்லை. மொய்யாள் என்று ஒன்று உண்டு, உன் வயலுக்கு நான் ஒரு நாள் வந்தால் என் வயலுக்கு நீ ஒரு நாள் வரவேண்டும். அது பெண்டுகளுக்குள் நடக்கிற காரியம், ஆம்பிளைகள் நாற்று பறித்துக் கொடுப்பதோடு சரி. கூப்பிடாமல் யாரும் போகக்கூடாது. வயலுக்குச் சொந்தக்காரி விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இன்னார் நடவு, வாங்க என்று வாயால் கூப்பிட வேண்டும், போனிலும் சொல்லக்கூடாது, ஆள்விட்டும் சொல்லக்கூடாது. இப்போது அந்தப் பழக்கம் முழுக்க ஆம்பிளைகளிடம் வந்துவிட்டதால், வாசலில் போய் நின்று கூப்பிட்டவர்களும் ஆம்பிளைகள், கூப்பிட்டதும் வயலில் இறங்கியவர்களும் ஆம்பிளைகள். குனிந்தவர்களால் நிமிர முடியவில்லை. குலவை போடத் தெரியாமல் என்னமோ ஊளையிட்டார்கள். வரிசை கோணிக்கொண்டு போனது. வரப்பில் நின்று பெண்டுகள் சிரித்த சிரிப்பை நான் சொல்லவே வேண்டாம், ஆனாலும் ஒவ்வொரு வயலாக நட்டு முடிந்துகொண்டிருந்தது.

வெள்ளத்தாய் வயல் மட்டும் உழுது தொழிச்சேறு கலங்கி, தண்ணீர் நிறைந்து, உரம் போட்டு, ஒரு நாற்று இல்லாமல் கிடந்தது. எல்லா வயலுக்கும் போய் உழைத்தவள் அவள், பதினாலு வீட்டுக்கு நடவு நட்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பதினாலு வீட்டுப் பழக்கமும் அவளிடமிருந்து சங்கிலிக்குப் போயிருந்தது. சங்கிலியோ மண்ணுக்குள் இருந்தான்.

அவள் ஏழாம் நாள் விடிய ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, "எங்க நடவு, வாங்க" என்று கூப்பிட்டாள். சன்னாசி வெளியே வந்து கையைப் பிசைந்தான்.

"யாரு நடவு, ஆத்தா? உன்கிட்ட நாங்க ஒரு நாளும் மொய்யாள் வாங்கலையே."

"நான்தான உங்க வயல்ல நட்டேன், போன நடவுல காய்ச்சலோட வந்து?"

"நீ வந்தது தெரியும். பாத்துருக்கேன். ஆனா மனசுல சங்கிலிதான் வந்து நிக்கான். அவனுக்குத்தான் கடன்பட்டிருக்கோம். அவன் வந்து கூப்பிடட்டும், உடனே வாரோம்."

அதைச் சொன்னதும் அவனுக்கே என்னவோ ஆகிவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு ஆம்பிளைகளும் வந்தார்கள். சங்கிலி செத்துப்போனது அப்போதுதான் தெரிந்த மாதிரி, வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டு, தலையோடு தலை முட்டி, பெண்டுகள் அழுவதைப் போல ராகம் போட்டு அழுதார்கள். எங்களோடு குனிஞ்சு நட்டாயே, எங்களோடு வரப்பில் உட்கார்ந்து பழையசோறு தின்றாயே, உன் வலியைச் சொல்லாமல் எங்களைச் சிரிக்க வைத்தாயே, உன்னை மாதிரி ஒரு துணை எங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று அழுதார்கள். சங்கிலி எந்தக் காலத்திலும் நட்டவனில்லை, யாரையும் சிரிக்க வைத்தவனுமில்லை. அவர்கள் அழுதது முழுக்க வெள்ளத்தாயை. அவள் அந்த வாசலில் நின்று தனக்கான ஒப்பாரியை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் மோந்து அவர்களுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

டீக்கடையில் நானும் ராக்கம்மாவும் வெள்ளத்தாயும் கூடிப் பேசினோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை, எப்போதும்போல. நாற்று முற்றிக்கொண்டிருந்தது, இன்னும் நாலு நாள் போனால் நட்டும் பிரயோசனமில்லை. நானே இறங்கி நடுகிறேன் என்றேன், ஒரு ஏக்கரை நீ ஒருத்தன் தை மாசம்வரை நடுவாய் என்று ராக்கம்மா சொன்னாள். பிறகு அவள்தான் யோசித்தாள்.

"அவன் கூப்பிட்டாத்தான வருவானுக? நீ அவன் பேரச் சொல்லிக் கூப்பிடு. சங்கிலி நடவுன்னு சொல்லு."

வெள்ளத்தாய் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் புருசன் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை. ரேசன் கடையில் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் எடுத்துச் சொல்வாள். வீட்டில் நாய் கட்டுகிற சங்கிலியைக்கூட வெள்ளத்தாய் 'இரும்புக்கயிறு' என்றுதான் சொல்வாள், அவன் இருந்தபோது அதை வைத்து நாங்கள் அவளைப் படாதபாடு படுத்தியிருக்கிறோம். செத்த பிறகும் அவள் அந்தப் பேரை எடுத்ததில்லை. "அது மட்டும் என்னால ஆகாது" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். நாற்றங்காலில் நாற்றின் நுனி மஞ்சளடிக்க ஆரம்பித்தது.

பத்தாம் நாள் விடிய அவள் சன்னாசி வாசலில் போய் நின்றாள். நான் வண்டிக்கு டீசல் ஊற்றிக்கொண்டு எதிரே இருந்தேன்.

"அவுக நடவு, வாங்க" என்றாள். வீட்டுக்குள் ஒரு அசைவும் இல்லை.

"இந்த வீட்டுக்காரர் நடவு" என்றாள். அதற்கும் இல்லை.

வாயைத் திறந்து மூடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில், சண்டைக்குக் கூப்பிடுகிறவள் மாதிரி தெருவே கேட்கக் கத்தினாள்: "சங்கிலி நடவு! சங்கிலி கூப்பிடுறான், வாங்க!"

கதவு திறந்தது. சன்னாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தான். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று பதினாலு வாசலிலும் அவள் நின்று அந்தப் பேரைச் சொன்னாள், ஐந்தாவது வாசலில் குரல் நடுங்கவில்லை, பத்தாவது வாசலில் அழுகை நின்றது, கடைசி வாசலில் ஏதோ நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்த பேர் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். டீசல் கேனைக் கையில் பிடித்தபடியே நானும் கடைசி வாசல்வரை அவள் பின்னால் போனேன்.

ஆனால் ஆம்பிளைகள் நடவு, முடியுமா? பொழுது சாயும்போது முக்கால் வயல்தான் ஆகியிருந்தது. மேற்கு மூலையில் கால் ஏக்கர் மிச்சம். நாற்று முழுவதும் பறித்துக் கட்டுக்கட்டாகக் கரையில் கிடந்தது. போட்ட தொழி எட்டு நாளில் இறுகிப்போய், மிச்சத்தில் விரல் இறங்கவில்லை. நாளைக்குக் காலையில் ஒரு ஓட்டு ஓட்டித் தருகிறேன், நட்டுவிடலாம், நாளைச் சாயங்காலம்தானே மடை அடைக்கிறார்கள் என்றேன். "வந்துரு" என்றாள். கூட்டாளி கூட்டாளிக்குச் சொல்வது, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பழக்கம் திரும்பி வந்திருந்தது.

எப்படிப் போனதோ அப்படியே வந்தது. சன்னாசி டீக்கடைக்கு வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது, பத்து நாள் எங்கே போயிருந்தான் இந்தப் பயல் என்று கண் கலங்கியது. பவுன்ராஜ் கடுந்தேயிலையைச் சரியான ஆளுக்குக் கொடுத்தான். "குருவையா, இன்னைக்கு நம்மது" என்றான் சன்னாசி. அவனுக்கும் கிழக்கே அரை ஏக்கர் பாக்கி இருந்தது. "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எதையோ மறந்த மாதிரி இருந்தது, வெள்ளத்தாய் வயல் ஞாபகம் வந்தது, ஆனால் அது யாரோ ஒருத்தருடைய வயலாக இருந்தது. சாயங்காலம் பார்க்கலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மடை அடைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

சங்கிலி எனக்கு இரண்டாவது தடவையாகச் செத்துப்போயிருந்தான். அதை எண்ணி அழக்கூட வரவில்லை.

அந்த நேரம் வெள்ளத்தாய் வயலில் பெண்டுகள் எல்லாரும் வந்து இறங்கியிருந்தார்களாம். ராக்கம்மா விடியும் முன்பே வெள்ளத்தாய் வீட்டுக்கு ஓடி, அவளைக் கட்டிக்கொண்டு, பல்வலியையும் சொல்லி அழுது, "கூப்பிடாம வந்துட்டோம், வையாதடி" என்று மிச்சம் பதின்மூன்று வீட்டுப் பெண்டுகளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆம்பிளைகள் நட்டிருந்த கோணல் வரிசையைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். போன வாரம் வண்டி இருந்தது, கை இல்லை. இப்போது இருபத்தெட்டுக் கை இருக்கிறது, வண்டி இல்லை. மூலையில் மண் கல்லாக நின்றது. யாரிடம் சொல்லி யாரிடம் சொல்லச் சொல்வது என்று பெண்டுகள் வழக்கம்போல யோசித்துக்கொண்டிருக்க, வெள்ளத்தாய் முழங்கால்வரை சேற்றோடு வரப்பேறி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

டீக்கடைக்குள் வந்து நின்றாள். பழக்கம் மாறாத நாளில், ஒரு ஆம்பிளையின் பழக்கமும் கையில் இல்லாமல், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அந்தக் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் இல்லை என்பதை ஒரு பார்வையில் தெரிந்துகொண்டாள், அவள் முகத்திலும் என்மேல் இருந்த சிநேகம் இல்லை, அதையும் நான் பார்த்தேன். பக்கத்தில் சன்னாசியின் தோள் என் தோளை ஒட்டி இருந்தது. எதிரே இருந்தது செத்துப்போன ஒருவனின் பெண்டாட்டி, அவ்வளவே.

அண்ணே என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால், சாயங்காலம் பார்க்கலாம்மா என்று நானும் சொல்லியிருப்பேன்.

"ஏலே குருவையா" என்றாள் வெள்ளத்தாய், எல்லாரும் கேட்க. "சங்கிலி வயல்னு இனி யாரும் வர வேண்டாம். என் வயலு கிடக்கு. வண்டிய எடு."

சன்னாசி என்னைப் பார்த்தான். பவுன்ராஜ் என்னைப் பார்த்தான். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. பிரியம் வர வேண்டும், அதுவும் வரவில்லை. நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், அவளுக்காக அங்கே ஒன்றுமே இல்லை, எதற்காக எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.